மூன்று பேர் ஊற்றிய தண்ணீர்

நவம்பர் 14, வியாழன்

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். யாமினி என்ன சாப்பிட்டாள், எவ்வளவு நேரம் தூங்கினாள், என்ன பேசினாள், தினமும் நாலு வரி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இதற்காகப் புது நோட்டு வாங்கவில்லை. இது என் அளவு நோட்டு. முன்பாதியில் ஓசூர்ப் பெண்கள் பாதிப் பேரின் மார்பளவும் கையளவும் இருக்கின்றன. பின்பாதி காலி. இப்போதைக்கு ஜாக்கெட் தைக்கப் போவதும் இல்லை.

தைக்க முடியாது, ஏனென்றால் கத்தரிக்கோல் பீரோவுக்குள் இருக்கிறது. துணி வெட்டும் பெரியது, நூல் வெட்டும் சின்னது, குண்டூசி டப்பா, காய் நறுக்கும் கத்தி, இவருடைய ஷேவிங் பிளேடு, மாத்திரைகள் எல்லாவற்றையும் உள்லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் தாலிக்கொடியில் தொங்குகிறது. பாத்ரூமின் உள்தாழ்ப்பாளை இவர் ஸ்க்ரூ கழற்றி எடுத்துவிட்டார். மொட்டை மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு. காய்கறியை விடிவதற்குள் நறுக்கிவிட்டுக் கத்தியை உள்ளே வைத்துவிடுகிறேன்.

அக்டோபர் ஏழாம் தேதி அது நடந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தோம். பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு இருபது வயது. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

டாக்டரம்மா போன வாரம், "அவ கையில உயிருள்ளது ஏதாவது குடுங்க. செடியோ, நாய்க்குட்டியோ. தன்ன நம்பி ஒண்ணு இருக்குன்னு அவளுக்குத் தோணட்டும்" என்றார். நாய் என்றால் இவருக்கு ஆகாது. அதனால் இன்று பாகலூர் ரோட்டில் முனியப்பா நர்சரிக்குப் போனோம். அவருடைய மனைவிக்கு நான்தான் தைத்துக் கொடுப்பேன்.

"பெட்டூனியா எடுத்துக்கோங்கம்மா. இந்தக் குளுருக்கு அள்ளிக்கிட்டுப் பூக்கும். வாடுன பூவ மட்டும் அப்பப்போ கிள்ளிடணும். மேல இருக்கிற பூவ மட்டும் இல்ல, அடியில சின்னக் காய் மாதிரி இருக்குது பாருங்க, அதோட சேத்துக் கிள்ளணும். இல்லன்னா விதை வச்சிட்டு, வேலை முடிஞ்சுதுன்னு பூக்கறத நிறுத்திடும்" என்றார்.

என்ன நிறம் வேண்டும் என்று யாமினியைக் கேட்டேன். "எதாவது" என்றாள். இன்று அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான். ஊதா இரண்டு, ரோஸ் இரண்டு, வெள்ளை ஒன்று, வெள்ளைக் கரை போட்ட ஊதா ஒன்று, ஆக ஆறு தொட்டி. நானே எடுத்தேன். பால்கனியில் வரிசையாக வைத்தோம். பால்கனிக்குக் கம்பி போட்டிருக்கிறது.

நவம்பர் 16, சனி

இட்லி இரண்டு. மதியம் ரசம் சாதம், அரைத் தட்டு. பேச்சு இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அவள் மதியம் படுத்த பிறகு நானே ஊற்றினேன்.

நவம்பர் 23, சனி

காலையில் பால்கனியில் போய் உட்கார்ந்து வாடிய பூக்களைக் கிள்ளினாள். முனியப்பா சொன்னபடியே, காயோடு சேர்த்து. அந்த இலையைத் தொட்டால் கை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. விரலை விரலோடு ஒட்டிப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். நான் மிஷினில் உட்கார்ந்து, நூல் கோக்காமலே மிதித்துக்கொண்டு பார்த்தேன். வேலை செய்வது போல் இருந்தால் பார்ப்பது தெரியாது.

தண்ணீர் மட்டும் ஊற்றுவதில்லை. அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். பொறுப்பு எடுத்துக்கொள்ள இன்னும் நாளாகும் என்றார். நான் தினமும் ஊற்றிவிடுகிறேன். அது அவளுக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை டாக்டரம்மாவிடம் சொல்ல மாட்டேன், காட்டும்போது பக்கத்தை மடித்துவிடுவேன். ஆறு செடியும் உயிரோடு இருக்கும் வரை இவளுக்கு ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறேன். எந்தச் சாமியிடம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒவ்வொரு நாளும் எழுந்ததும் முதலில் அவள் மூச்சைப் பார்க்கிறேன், அடுத்து செடியைப் பார்க்கிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் தனியாக உட்கார வைத்து, "அன்னிக்கு வீட்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். காலேஜிலிருந்து போன் வந்தது. இரண்டு மாதமாக இவள் வகுப்புக்கே போகவில்லை, ஹாஸ்டல் அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறாள். கூட்டிக்கொண்டு வந்தோம். ஏன் போகவில்லை என்று கேட்டேன், பதில் இல்லை. திட்டினேன்.

"என்னன்னு திட்டினீங்க?"

"எல்லா அம்மாவும் திட்டறதுதான்."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்று இவர் வீட்டில் இல்லை, கம்பெனியில் ஷிஃப்டில் இருந்தார். நான் என்ன திட்டினேன் என்று இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த முறை நோட்டைக் காட்டும்போது இந்தப் பக்கத்தையும் மடித்துவிட வேண்டும்.

டிசம்பர் 9, திங்கள்

தோசை ஒன்று. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே படுத்திருக்கிறாள். தலை வாரிவிட்டேன், மறுக்கவில்லை. முடி கொத்துக் கொத்தாக வருகிறது.

ரோஸ் ஒன்றில் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன. வெள்ளைக்கரைச் செடி தொங்கிப்போயிருக்கிறது. தாகமாக இருக்கும் என்று ஒரு சொம்பு கூட ஊற்றினேன்.

டிசம்பர் 18, புதன்

காலை பத்து மணி. யாமினி பூ கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீழ்வீட்டு ரெஜினாவின் மகன் எதையோ போட்டு உடைத்துவிட்டான் போலிருக்கிறது. "எங்கயாவது போய்ச் செத்துத் தொலைடா" என்று ரெஜினா கத்தினது நன்றாகக் கேட்டது.

யாமினியின் கை அப்படியே நின்றது. என் கையும் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பிறகு அடுத்த பூவைக் கிள்ளினாள். அது வாடாத பூ.

எந்தத் தெருவில் எந்த அம்மா சொல்லாத வார்த்தை அது? பால் பொங்கி வழிந்தால் சொல்வோம், மார்க் குறைந்தால் சொல்வோம், மழையில் நனைந்து வந்தால் சொல்வோம். சொன்ன வாய் மூடுவதற்குள் தட்டில் சோறு போட்டு, நெய் ஊற்றட்டுமா என்று கேட்போம். என் அம்மா என்னைச் சொல்லாத நாள் இல்லை. நான் சாகவில்லையே.

கீரையைப் பாதியில் வைத்துவிட்டுக் கீழே போனேன். "ரெஜினா, புள்ளைய அந்த வார்த்த மட்டும் சொல்லாத" என்றேன். அவள் விழித்தாள். பிறகு ஞாபகம் வந்து முகம் வெளுத்துப்போய், "மன்னிச்சிடுக்கா, எனக்குத் தோணவே இல்ல" என்றாள். அவள் மேல் என்ன தப்பு இருக்கிறது?

டிசம்பர் 20, வெள்ளி

பேச்சு இல்லை. சாப்பாடு இல்லை. தண்ணீர் ஊற்றினேன்.

டிசம்பர் 27, வெள்ளி

வெள்ளைக்கரைச் செடி செத்துவிட்டது. காலையில் பார்த்தபோது தண்டு அடியிலிருந்து கறுத்து, தொட்ட கையோடு வந்துவிட்டது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இவருக்கு இன்று மதிய ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தார். "அவ ரூமுக்கு வெளியவே உக்காருங்க, எந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, செத்த செடியைப் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

முனியப்பாவிடம் அதே நிறம் கேட்டேன். அதே உயரம் வேண்டும் என்றேன். ஜாக்கெட் பிட்டுக்கு மேட்சிங் லைனிங் தேடுவது போல நாற்பது செடியைப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்து அதே தொட்டியில் நட்டு, சிந்திய மண்ணைத் துடைத்து, ஆறாவது இடத்தில் வைத்தேன். அவள் எழுந்தபோது மணி ஒன்பதரை.

ஆறும் இருக்கின்றன. யாரைக் கேட்டாலும் ஆறு என்றுதான் சொல்வார்கள்.

டிசம்பர் 29, ஞாயிறு

"இது அது இல்ல" என்றாள்.

நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். "எது?" என்றேன்.

"கடைசித் தொட்டி. அதுல ரெண்டாவது கிளை உடைஞ்சிருந்துச்சு. நான் நூல் போட்டுக் கட்டியிருந்தேன்."

எனக்கு அது தெரியவே தெரியாது. நூலை எங்கிருந்து எடுத்தாள் என்பதுதான் முதலில் மனசில் ஓடியது. அப்படித்தான் ஆகிவிட்டது என் புத்தி.

"அதேதான்மா. புது இலை வந்திருக்கு, அதான் உனக்கு வேற மாதிரித் தெரியுது" என்றேன்.

"செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு இது. அதற்குப் பொய் சொன்னேன்.

ஜனவரி 3, வெள்ளி

ஐந்து நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை. பூ கிள்ளவும் வரவில்லை. நேற்று அரை டம்ளர் பால். இன்று அதுவும் இல்லை. ஊட்டிவிடப் போனால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். தலையணை உறையைப் பிரித்துப் பார்த்தேன், பாயைப் புரட்டிப் பார்த்தேன், பீரோவுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் கிடைக்காததும் பயமாக இருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். மாத்திரையை மாற்றியிருக்கிறார். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் அட்மிட் பண்ணிவிடலாம் என்றார்.

இவர் பால்கனியில் நின்று அழுதார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. நான் அழுதால் அவளை யார் பார்ப்பது? ஆனால் கடவுளே, எனக்கு முடியவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் பால் குடிக்கிறாளா, மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். அப்போது அவளுக்கு வாழ ஆசை இருந்தது, வீல் வீலென்று கத்துவாள்.

ஜனவரி 5, ஞாயிறு

ஒரு வாய் தயிர் சாதம் சாப்பிட்டாள். அட்மிட் பண்ணவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

மூன்று செடி ஒரே நேரத்தில் தொங்கிவிட்டன. ரோஸ் இரண்டு, ஊதா ஒன்று. இந்த முறை மறைக்கவில்லை. யாமினியிடம், "செத்துட்டிருக்கு. முனியப்பாகிட்டக் கொண்டு போறேன்" என்றேன். "நானும் வர்றேன்" என்றாள்.

முனியப்பா ஒரு தொட்டியை வாங்கி, கவிழ்த்து, அடியில் தட்டிச் செடியை மண்ணோடு உருவினார். வேர் வெள்ளையாக இருக்க வேண்டுமாம். பழுப்பாகக் குழைந்து, சாக்கடை நாற்றம் அடித்தது.

"மூழ்கடிச்சிட்டீங்களேம்மா" என்றார். "தண்ணி ஜாஸ்தியானாலும் இப்பிடித்தான் தொங்கும். தாகம்னு நெனச்சு ஜனங்க இன்னும் ஊத்துவாங்க. வேரு மூச்சு வுட முடியாம அழுகிடும். எத்தன பேரு ஊத்துறீங்க?"

"நான் மட்டுந்தான்" என்றேன்.

"நான் ஊத்துறேன்" என்றாள் யாமினி.

திரும்பிப் பார்த்தேன். "எப்ப?"

"சாயங்காலம். நீ வெளக்கேத்துற நேரத்துல. வாங்குன ரெண்டாம் நாள்லருந்து. படுத்தே கெடந்த அந்த அஞ்சு நாள் மட்டும் இல்ல."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "நானும் காலைல வேலைக்குப் போறப்ப தொட்டிக்கு ஒரு சொம்பு ஊத்திட்டுத்தான் போவேன். யாரும் பாத்துக்க மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

மூன்று பேரும் ஹாலில் தரையில் உட்கார்ந்துவிட்டோம். விடியலில் ஒருவர், மதியம் ஒருவர், சாயங்காலம் ஒருவர். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. செடி செத்துவிடக் கூடாது என்று மூன்று பேரும் தனித்தனியாகப் பயந்து, மூன்று பேருமாகச் சேர்ந்து கொன்றிருக்கிறோம். இவருக்குச் சிரிப்பு மாதிரி என்னவோ வந்தது, வந்த வேகத்தில் நின்றுவிட்டது.

இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். நவம்பரிலிருந்து, "தண்ணீர் ஊற்றவில்லை" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி டாக்டரிடம் காட்டியிருக்கிறேன். கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு தொட்டிக்கும் தினமும் அவள் தண்ணீர் ஊற்றியதைப் பார்க்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மூன்று செடியையும் தூக்கிப் போட்டாயிற்று. மீதி ஊதா ஒன்று, வெள்ளை ஒன்று, நான் மாற்றி வைத்த பொய்ச்செடி ஒன்று. இனி யாமினி மட்டும்தான் ஊற்றுவாள். மண்ணில் விரலை முதல் கணு வரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். நான் தொடக் கூடாது. சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி சாப்பிட்டாள்.

ஜனவரி 22, புதன்

இன்று அவள் ஊற்றவில்லை. நேற்றும் ஊற்றவில்லை. சொம்பைக் கையில் எடுத்துவிட்டு மூன்று முறை பால்கனி வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். சாயங்காலம் வந்து விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் ஈரம் இருக்கு" என்றாள்.

செடிகள் சாகவில்லை, பூக்கவும் இல்லை. வெளிச்சம் தேடிக் கம்பிக்கு வெளியே நீண்டு நீண்டு போகின்றன. நடுவில் இலையே இல்லை, வெறும் தண்டு. பால்கனியில் பத்து மணிக்கு மேல் வெயில் கிடையாது.

"மாடிக்குக் கொண்டு போகணும். ஆறு மணி நேரம் வெயில் வேணும் இதுக்கு" என்றாள்.

"பால்கனியே போதும்" என்றேன். சட்டென்று சொன்னேன், கொஞ்சம் கத்திக்கூடச் சொல்லிவிட்டேன். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் என் இடுப்புக்குத்தான் வரும்.

அதற்குப் பிறகு அவள் இன்று பேசவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒரு பூ கூட இல்லை. கிள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் பால்கனிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். எனக்கு அக்டோபர் மாதம் திரும்பி வருவது போல இருக்கிறது.

டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். மாடியைத் திறக்கலாமா?

"எத்தன நாளைக்குப் பூட்டி வைப்பீங்க?"

"சாகற வரைக்கும் பூட்டி வைப்பேன். நான் சாகற வரைக்கும்."

"ஒரே நாள்ல எல்லாத்தையும் திறக்கச் சொல்லல. மருந்து இப்பக் கேக்குது. கூட நின்னு, கொஞ்சங்கொஞ்சமாத் திறங்க."

"மறுபடி ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மாட்டேன்மா. யாராலயும் முடியாது" என்றார். அந்த அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாடிப் பூட்டைத் திறந்தேன். இவர் தொட்டிகளைத் தூக்கி வந்தார். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டார். நான் கைப்பிடிச் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன். அவள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் நகர்ந்தேன். கபடி ஆடுகிறவள் மாதிரிதான் இருந்திருப்பேன்.

"தள்ளி நில்லும்மா. உன் நெழல் செடி மேல விழுது" என்றாள்.

ஒரு அடி தள்ளி நின்றேன். "இன்னும்" என்றாள். இன்னொரு அடி தள்ளினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

தினமும் ஒரு மணி நேரம் மாடியில் இருக்கிறோம். இலைகள் விறைப்பாகிவிட்டன. ஆனால் பழைய நீளத் தண்டுகள் அப்படியேதான் கிடக்கின்றன. அவற்றை அரைச்சாண் விட்டு வெட்டிவிட வேண்டுமாம். வெட்டினால்தான் அடியிலிருந்து புதுக்கிளை வரும், பூ வரும் என்று முனியப்பா போனில் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"கத்தரிக்கோல் குடும்மா."

"கையாலயே ஒடிச்சிடேன்."

ஒரு தண்டை ஒடித்துக் காட்டினாள். ஒடியவில்லை, நாராகக் கிழிந்து அடி வரைக்கும் உரிந்துவிட்டது. அதை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். நான் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மார்பில் அது குத்திக்கொண்டிருந்தது.

இந்தச் செடிக்கு வேறு ஒன்றுமே கேட்கத் தெரியாதா? நான் எதையெதைப் பூட்டினேனோ அதையதை ஒவ்வொன்றாகக் கேட்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இதை எந்த டாக்டருக்கும் காட்டுவதற்காக எழுதவில்லை.

மாடியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு மாதமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "அன்னிக்கு நான் உன்ன, செத்துத் தொலைன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நீ ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்ட. நான் சமைக்கப் போயிட்டேன். குழம்பு கொதிச்சிட்டிருந்துச்சு. அரை மணி நேரம். நான்தான் உன்ன..."

அவள் இலையில் இருந்த ஒரு பூச்சியை எடுத்துப் போட்டாள்.

"நீ சொன்னதால இல்லம்மா."

"பொய் சொல்லாத."

"நீ தினமுந்தான் சொல்லுவ. நான் அதக் காதுலயே வாங்க மாட்டேன். ஹாஸ்டல்லயே ஆகஸ்டுலருந்து அப்படித்தான் இருந்துச்சு எனக்கு. ஏன்னு கேட்டாச் சொல்லத் தெரியல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியல. தினமும் போன்ல சாப்பிட்டியான்னு கேப்ப. சாப்பிட்டேன்னு சொல்லுவேன்."

பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, இன்னும் ஏறிவிட்டது. என் வாய்தான் காரணம் என்றால் வாயைக் கட்டிக்கொண்டால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நாலு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் நான் இல்லை என்றால் எதைப் பூட்டுவேன்? அவளுக்குள் இருப்பதற்கு எந்தக் கடையில் பூட்டு விற்கிறான்?

"இப்பவும் அப்படி இருக்கா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நாலு மாதத்தில் நான் கேட்டதே இல்லை. இட்லி எத்தனை என்றுதான் கேட்டிருக்கிறேன்.

"சில நாள் இருக்கு. சில நாள் இல்ல."

"இருக்கற அன்னிக்குச் சொல்றியா?"

இன்னொரு இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "சொல்றேன்" என்றாள். நம்புவதா என்று தெரியவில்லை. வேறு என்னதான் செய்வது?

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் காபி குடிக்கும்போது, "இன்னிக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இன்னிக்கு இல்ல" என்றாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து அதைச் சொன்னேன், கத்தரிக்கோல் கேட்கிறாள் என்றும் சொன்னேன். அவளிடமே பத்து நிமிஷம் பேசிவிட்டு, "குடுங்க. நீங்க கூப்பிடற தூரத்துல இருங்க" என்றார். பீரோவைத் திறந்தேன்.

சின்னக் கத்தரிக்கோல் தண்டுக்குப் போதாது. துணி வெட்டும் பெரியதைத்தான் எடுத்தேன். தையல்காரி வீட்டில் அந்தக் கத்தரி துணியைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது, காகிதம் பட்டாலே முனை மழுங்கிவிடும். ஆறாம் வகுப்பில் இவள் அதை எடுத்துச் சார்ட் பேப்பர் வெட்டியதற்கு முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன். இன்று பிடியை அவள் பக்கம் திருப்பி நானே நீட்டினேன். அவள் வாங்கியபோது என் விரல்கள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"நான் மட்டும் போறேன். நீ படியில இரு" என்றாள்.

"யாமி."

"படியில இரும்மா."

மாடிப்படியில் உட்கார்ந்தேன். மேலிருந்து கீழே ஐந்தாவது படி. கதவு திறந்திருந்தது, வெயில் மட்டும்தான் தெரிந்தது, அவள் தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாக அந்தக் கத்தரியின் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். துணியில் சரசரவென்று ஓடும். தண்டில் கறுக் கறுக் என்று ஒவ்வொன்றாக நின்று நின்று கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உயிர் வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் போனது.

பிறகு சத்தம் நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு நிமிஷம் இருக்கலாம். எழுந்து இரண்டு படி ஏறினேன். மூன்றாவது படியில் காலை வைத்துவிட்டு எடுத்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பெண்ணைப் பெற்றபோதுகூட நான் இப்படித் தவித்ததில்லை.

"அம்மா, வந்து பாரு" என்றாள்.

மேலே போனேன். மூன்று தொட்டியிலும் அரைச்சாண் குச்சிகள் நின்றன. இலை என்று பேருக்கு நாலைந்து. சுற்றி வெட்டிப் போட்ட தண்டுகள் குவிந்து கிடந்தன. அவள் சப்பணமிட்டு உட்கார்ந்து, கத்தரிக்கோலில் ஒட்டியிருந்த பிசினைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் கீறல் இல்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"இப்பிடி மொட்டையாக்கிட்டியே" என்றேன். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"மூணு வாரம் ஆகும்" என்றாள். விரலை மடக்கி எண்ணினாள். "மார்ச் பதினாலு வாக்குல மொட்டு வரும். ஏப்ரல் வெயிலுக்குள்ள ஒரு தடவை நல்லாப் பூத்துடும். அதுக்கப்புறம் இது செத்துப்போயிடும்மா. ஒரு சீசன் செடிதான் இது. நீ பயப்படக் கூடாது. நவம்பர்ல வேற வாங்கிக்கலாம்."

நவம்பர் என்று சொன்னாள். அக்டோபர் ஏழுக்குப் பிறகு நாளை என்றுகூட அவள் வாயில் வந்ததில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் ஓவென்று அழுதிருப்பேன்.

"வெட்டுனதையெல்லாம் கூட்டிட்டு வர்றேன். நீ கீழ போ" என்றாள்.

கீழே வந்து கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மாடிக் கதவு திறந்தே இருக்கிறது. நோட்டில் இருபத்தொரு பக்கம் எண்ணித் தள்ளி, காலிப் பக்கத்தின் மேலே மார்ச் 14, வெள்ளி என்று எழுதிவைத்தேன். எழுத்துக் கோணலாகிவிட்டது. மணி பன்னிரண்டே கால். அவள் மேலே தனியாக இருக்கிறாள், கத்தரிக்கோல் அவளிடம்தான் இருக்கிறது. துடைப்பம் தரையில் உரசும் சத்தம் கேட்கிறது. நான் இன்னும் கூப்பிடவில்லை.